சம்பா தேசத்து அகில்

பூஜையறையிலே நாள் தவறாமல் நாம் கொளுத்திவைக்கும் ஊதுவத்தியின் பெயரில் முன்னே நிற்கும் ‘ஊது’ என்ற சொல், வாயால் ஊதும் தொழிலோடு யாதொரு சம்பந்தமும் இல்லாதது என்பதும், அறபு தேசத்தார் அகிற்கட்டைக்கு இட்டு வழங்கும் ‘ஊத்’ என்ற பெயரே உருது மொழியின் வழியாக நம் கடைத்தெருவுக்கு வந்து வத்தியோடு ஒட்டிக்கொண்டது என்பதும், அதைக் கொளுத்துகிறவர்களில் பலர் அறியாத செய்தியாகும். வடநாட்டார் அதனையே அகர்பத்தி என்பர். அங்கும் முன்னே நிற்பது அகரு என்னும் அகிலே. இரண்டு பெயர்களிலும் அகில் இருக்கிறது. கரித்தூளும் மரப்பட்டைத் தூளும் சேர்த்துப் பிசைந்து, மூங்கிற் குச்சியில் உருட்டி, வாசனைத் தைலத்திலே தோய்த்தெடுக்கும் இன்றைய வத்தியில் மட்டும் பெரும்பாலும் அது இல்லை. பெயரை நம்மிடம் விட்டுவிட்டுப் பொருள் எங்கே போயிற்று என்று தேடிப் புறப்படுகிறவன், கீழ்க்கடலைக் கடந்து, இன்று வியத்நாமில் அடங்கியதும் முன்னாளில் சம்பா என்று பெயர்பெற்றதுமான தேசத்தின் மலைகளிலே போய்த்தான் நிற்கவேண்டியிருக்கும்.

தமிழர்க்கு அந்தத் திசை புதிதன்று. தொண்டியோர் அனுப்பிய மரக்கலத் திரள், அகிலும் பட்டும் சந்தனமும் கருப்பூரமும் சுமந்து கொண்டலாகிய கீழ்க்காற்றோடு வந்ததைச் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை கூறுகிறது. அந்தக் காற்றே அதன் பின் மதுரையில் வீசுகிறது. நம்முடைய மேற்குமலைகளில் வெள்ளகில் என்றொரு மரம் உண்டு. அது வேம்பின் குடும்பத்தைச் சார்ந்தது. கப்பலேறி வந்த காரகிலோ முற்றிலும் வேறான மரத்தின் விளைவு. குறவர் வெட்டியதாகப் பழம்பாட்டுகள் பேசும் அகில் இவற்றுள் எது, மகளிர் கூந்தலுக்குப் புகையூட்டிய அகில் எது என்று ஒவ்வோரிடத்திலும் பிரித்தறிவது எளிய காரியமன்று. எவ்வாறாயினும், அகில் என்ற நம் சொல்லையே மேற்குக் கடற்கரையில் காதாற் கேட்ட போர்த்துக்கேசியர், அதனைத் தம் நாவுக்கு இசைய ‘ஆகுயிலா’ என்று மாற்றிக்கொள்ள, அது தங்கள் மொழியிற் கழுகைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலித்தமையால், ஆங்கிலேயர் பின்னும் ஒரு படி சென்று அம்மரத்துக்குக் கழுகு மரம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மரத்தின் உச்சியில் கழுகு கூடு கட்டியதாகக் கதை கட்டாமல் விட்டார்களே, அந்த மட்டில் நன்று.

பெயர்களைப் பற்றிப் பேசும்போது இன்னொரு விநோதமும் நினைவுக்கு வருகிறது. ‘அகுரு’ என்ற வடசொல்லுக்குக் கனமற்றது என்று பொருள். சீனரும் வியத்நாமியரும் வழங்கும் பெயருக்கோ நீரில் ஆழும் நறும்பொருள் என்று பொருள். ஒரே மரத்தைப் பற்றிய இவ்விரண்டு பெயர்களும் ஒன்றையொன்று பொய்யாக்குவன போலத் தோன்றினாலும், இரண்டுமே உண்மைதான். தாவர நூலார் அக்விலாரியா என்று வகுத்த இனத்தைச் சார்ந்த மரங்கள், நோயும் காயமும் இன்றி வளர்ந்து நிற்கும்வரையில், வெளிறிய நிறமும் மெத்தென்ற தன்மையும் உடையவை. அவற்றின் கட்டைக்கு வாசனையும் இல்லை, விறகுக்கு அப்பால் பெரிய விலையும் இல்லை. கிளை முறிந்தோ, புழு துளைத்தோ, இடி விழுந்தோ மரத்தின் உள்ளே புண் உண்டாகி, அதன்வழியே பூசணம் புகும்போது, மரமானது தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அப்புண்ணைச் சுற்றிக் கரிய பிசினைச் சுரக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஊறிப் படிந்து வயிரமாகிய அப்பகுதியே அகில். பிசின் மிகுதியாக ஏறிய துண்டு நீரில் இட்டால் கல்லைப் போல ஆழ்ந்துபோகும். காட்டில் உள்ள மரங்களிலே சிலவற்றில்தான் இவ்வாறு நேர்கிறது. எந்த மரத்தில் நேர்ந்திருக்கிறது என்பது வெளியே நின்று பார்ப்பவனுக்குத் துலக்கமாகத் தெரிவதும் இல்லை. இந்த ஒரு நிச்சயமின்மையிலிருந்துதான் அகிலைப் பற்றிய பக்தியும் பயமும் வியாபாரமும் மோசடியும் ஆகிய அனைத்தும் பிறந்தன.

சம்பா தேசத்தின் தென்பகுதியாகிய கௌடாரம், இன்று கான் ஹோவா மாகாணம் எனப்படுகிறது. வியத்நாமியர் அதனை இன்றும் அகில் நாடு என்றே செல்லமாகக் கூறுவர். அதன் தலைநகராகிய நா திராங்கில், ஆற்றின் முகத்துவாரத்தை நோக்கி நிற்கும் சிறு குன்றின்மேல், செங்கல்லால் எழுந்த போ நகர் கோயில் உள்ளது. அங்கே முன்பு இருந்த மரக்கோயிலை 774-ஆம் ஆண்டில் கடல்வழியே வந்த பகைவர் கொளுத்திவிட, பத்தாண்டுகளுக்குள் சத்தியவர்மன் என்னும் அரசன் அதை மீண்டும் எடுப்பித்தான் என்பதைச் சமஸ்கிருத சாசனங்களால் அறிகிறோம். சாசனங்கள் பகவதி என்று போற்றும் அத்தேவியைச் சம்பாவின் மக்களாகிய சாம் குடிகள் நாட்டின் தாய் என்று வணங்கினர். அவளே மண்ணையும் நெல்லையும் அகிலையும் படைத்தவள் என்பதும், அவளுக்குக் கணவர் 97 பேர், புதல்வியர் 38 பேர் என்பதும் அவர்களுடைய ஐதிகம். மண், நெல், அகில் என்ற அந்த வரிசையை நாம் சற்றே உற்று நோக்க வேண்டும். சோற்றுக்கு அடுத்தபடியாக ஒரு ஜாதியார் தங்கள் தாய்த்தெய்வத்தினிடம் பெற்றுக்கொண்ட வரம் ஒரு வாசனைக் கட்டை என்றால், அவர்களுடைய வாழ்வில் அதற்கு இருந்த ஸ்தானம் எத்தகையது என்பது விளங்கும்.

பின்னாளில் அந்நிலத்திற் குடியேறிய வியத்நாமியர் தேவியைக் கைவிடவில்லை. அவள் கதையைத் தம் வழியில் மாற்றிக்கொண்டனர். மலையடிவாரத்தில் தோட்டமிட்டு வாழ்ந்த கிழத் தம்பதிகள் எடுத்து வளர்த்த ஒரு சிறுமி, வெள்ளத்தில் மிதந்துவந்த அகிற்கட்டை ஒன்றனுள் புகுந்துகொள்ள, அக்கட்டை கடலில் வடக்கே சென்று ஒரு தேசத்தின் கரையில் ஒதுங்கியது. ஊரார் பலர் கூடியும் தூக்கமுடியாத அதனை அந்நாட்டு இளவரசன் எளிதில் எடுத்து அரண்மனைக்குக் கொண்டுபோனான். கட்டையிலிருந்து வெளிப்பட்ட பெண்ணையே மணந்துகொண்டான். அவளோ ஒரு நாள் தன் மக்களை அழைத்துக்கொண்டு அதே கட்டைக்குள் மீண்டும் புகுந்து தெற்கே திரும்பிவிட்டாள். அகில் வடக்கே சீனத்துக்குக் கப்பலேறிப் போன சரித்திரத்தையே இக்கதை ஒருவாறு மறைத்துச் சொல்லுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. உண்மையிற் போன அகில் திரும்பி வந்ததில்லை. கதையில் மட்டும் வந்தது.

காட்டுக்குட் சென்று அகிலைத் தேடியவர்கள் சாம் அரசர்களின் குடிகளும், அவர்களுக்கு அடங்கி மலைமேல் வாழ்ந்த ரக்லாய் முதலிய கூட்டத்தாரும் ஆவர். சாம் மொழியில் அகிலுக்குக் ‘கஹ்லாவ்’ என்று பெயர். மலாய்க்காரர் ‘கஹாரு’ என்பதும் இதுவே. அகில் தேடும் கூட்டத்துக்குத் தலைவனாக விளங்கியவனைக் கஹ்லாவின் அதிபதி என்றே அழைத்தனர். புறப்படுமுன் பூஜையும் விரதமும் உண்டு. இவற்றினும் விசித்திரமானது, மலையேறிய பின் அவர்கள் நாள்தோறும் வழங்கும் பொருள்களின் பெயர்களை விட்டுவிட்டு வேறொரு குழூஉக்குறியாற் பேசினார்கள் என்பது: நெருப்பை நெருப்பு என்னலாகாது, சிவப்பு என்க வேண்டும், பெட்டை ஆடு சிலந்தியாகிவிடும். வழக்கமான பெயர்களை மரத்தின் அதிதேவதை அறிந்துகொண்டால் அகில் மறைந்துபோகும் என்ற அச்சமே இதற்கு மூலம் போலும். நாகரிகம் மிக்கோர் இதை மூடநம்பிக்கை என்று நகைக்கலாம். ஆயினும் கண்டவன் கண்டபோது கோடாரியோடு காட்டிற் புகுவதைத் தடுத்து, இன்ன பருவத்தில், இன்ன தலைவனின் கீழ், இன்ன நியமங்களோடுதான் புகலாம் என்று காட்டுக்கு ஒரு வாயிலையும் வாயிலுக்கு ஒரு காவலையும் அமைத்தது அந்த நம்பிக்கையே என்பதை நகைப்பவரும் மறுக்க இயலாது.

சம்பாவின் அகிலை உலகம் அறிந்த விதம் பலதிறப்பட்டது. அறபு வணிகர் அதனை ‘சன்ஃபீ’ என்றனர். சம்பா என்பதே அவர்கள் வாயில் ‘சன்ஃப்’ ஆயிற்று. சீனத்துத் துறைமுகமொன்றிற் சுங்க அதிகாரியாயிருந்த ஜாவ் ருகுவோ என்பவர், 1225-ஆம் ஆண்டில் எழுதிய அயல்நாட்டு வர்ணனையில், கம்போஜத்து அகிலை முதலாவதாகவும், சம்பாவின் அகிலை இரண்டாவதாகவும், ஸ்ரீவிஜயம் முதலிய தீவுகளின் அகிலைக் கடையிலும் வைத்துத் தரம் பிரித்தார். ஜப்பானியரோ, நாரா நகரத்துக் கருவூலத்தில் ரஞ்சதாய் என்ற பெயருடன் காக்கப்பெறும் ஏறத்தாழ ஐந்தடி நீளமுள்ள அகிற்கட்டையிலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டிக்கொள்வதையே அரச மரியாதையாகக் கொண்டனர். 1574-இல் ஓடா நொபுனாகா என்ற படைத்தலைவன் அவ்வாறு வெட்டிக்கொண்டது, நாட்டைத் தன் கையிற் கொண்டதற்கு அடையாளமாகவே எண்ணப்பட்டது. லாவோஸ், வியத்நாம் எல்லை மலைகளிலிருந்து அக்கட்டை போயிருக்கக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். பின்னாளில் ஜப்பானின் ஆட்சியைப் பெற்ற டோக்குகாவா இயெயாசு, 1606-இல் சம்பா மன்னனுக்கே ஓலை விடுத்து, தலைதரமான அகிலை வேண்டினான்.

அந்தத் தலைதரத்துக்கு வியத்நாமியர் வழங்கும் பெயர் கீ நாம். ஐரோப்பியர் கலம்பாக் என்றனர். 1618 முதல் 1622 வரை அத்தேசத்தில் வாழ்ந்த கிறிஸ்தோஃபொரோ போர்ரி என்ற இத்தாலியப் பாதிரியார், 1631-இல் வெளியிட்ட நூலில் இதைப்பற்றி எழுதியிருப்பது படிக்கத் தெவிட்டாதது. சாதாரண அகிலை யார் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். கலம்பாக்கோ அரசனுக்கே உரியது. வெட்டிய இடத்தில் ராத்தல் ஐந்து டுகாட் பொன் விலைபெறுவது, துறைமுகத்தில் பதினாறாகி, ஜப்பானை அடைந்ததும் இருநூறாகிவிடும். தலைக்கு அணையாக வைத்துக்கொள்ளத்தக்க அளவுள்ள ஒரே துண்டாக இருந்தால் ஜப்பானியர் ராத்தலுக்கு முந்நூறு, நானூறு டுகாட்டும் கொடுப்பார்களாம். காட்டுக்கும் கடைக்கும் இடையே நாற்பது மடங்கு ஏறிய இந்த விலையில், மலையேறி உயிரைப் பணயம் வைத்தவன் கண்டது முதல் ஐந்து பொன்னிலும் எத்தனை பங்கோ, யார் அறிவார். 1653-இல் கௌடாரம் வியத்நாமியப் பிரபுக்களாகிய நுயென் வம்சத்தாரின் வசமாயிற்று. அகில் மலைகளும் அவற்றோடு ஹோய் ஆன் துறைமுகத்தின் வாசனை வியாபாரமும் ஒரே கையில் சேர்ந்தன. லே குய் டோன் என்ற பேரறிஞர் 1776-இல் எழுதிய எல்லைப்புறக் குறிப்புகளில், இன்றைய கான் ஹோவாவைச் சார்ந்த மலைகளின் கீ நாம் முதல்தரம் என்றும், பூ யென், குய் ஞோன் பகுதிகளில் கிடைப்பது அடுத்த தரம் என்றும் வரையறுத்திருக்கிறார். தேவியின் காவல் இவ்வாறு அரசனின் காவலாக மாறிற்று. அரசன் பக்தியினாற் காத்தானல்லன், லாபத்தினாற் காத்தான், ஆயினும் காத்தான்.

பிரெஞ்சுக்காரர் காலம் இச்சரித்திரத்தில் ஏறக்குறைய மௌனமானது. சைகோன் தாவரத் தோட்டத்தை நடத்திய லூயி பியர் இம்மரத்துக்குக் கிராஸ்னா என்ற பெயரைத் தந்தார். விஞ்ஞானத்தின் அக்கறை அம்மட்டில் நின்றது. அதே நா திராங்கில் ஆராய்ச்சிக்கூடம் நிறுவிய யெர்சின் துரை, பக்கத்துச் சுவோய் தாவு என்னுமிடத்தில் பிரேஸில் தேசத்து ரப்பரைக் கொண்டுவந்து நட்டு வெற்றி கண்டார். ரப்பரும் புண்படுத்திப் பால் எடுக்கும் மரமே. ஆனால் இன்று கீறினால் இன்றே பால் வடியும். கணக்கப்பிள்ளை மாலைக்குள் கணக்கு எழுதிவிடலாம். இன்று பட்ட புண்ணுக்கு எத்தனையோ ஆண்டுகள் கழித்துப் பலன் தரக்கூடிய, தராமலும் போகக்கூடிய மரத்தைத் தோட்ட முதலாளிகள் திரும்பியும் பார்க்காததில் வியப்பில்லை.

பெருங்கேடு பின்னரே வந்தது. நெடும்போர் 1975-இல் ஓய்ந்தபோது, காடுகளில் ஒரு பகுதி இலையுதிர்க்கும் நஞ்சினாலும் குண்டுகளாலும் சிதைந்திருந்தது. கிராமங்களிலோ வறுமை தலைவிரித்தாடிற்று. வேட்டுச் சிதறல் பாய்ந்த மரங்களிலே நல்ல அகில் விளைந்திருக்கிறதென்று ஒரு பேச்சும் பரவிற்று. எண்பதுகளில் வாசனை வியாபாரிகளின் விலை ஏற ஏற, ஹா தின், குவாங் பின், குவாங் நாம், கான் ஹோவா முதலிய மாகாணங்களின் ஆடவர், அரிசியும் உப்பும் முதுகிற் கட்டிக்கொண்டு, கூட்டங்கூட்டமாக மலையேறினர். ‘வாயில் மூலிகையை அடக்கி அகிலைத் தேடுதல்’ என்ற பழைய வழக்கொன்று அந்நாட்டில் உண்டு; மந்திர மூலிகையை வாயில் அடக்கிக்கொண்டு போகிறவனுக்குப் பசியும் புலியும் அணுகா என்றும், குறித்த நாளுக்குள் அவன் திரும்பாவிடில் உடம்பெல்லாம் ரோமம் முளைத்து அவனே புலியாகிவிடுவான் என்றும் சொல்வார்கள். எண்பதுகளில் போனவர்களிற் பலரைப் புலியாக்கிய மந்திரம் மலேரியாக் காய்ச்சல்; வேறு சிலரை வெடிக்காமற் புதைந்து கிடந்த குண்டு விழுங்கிற்று. அகில் உண்டா இல்லையா என்று அறியக் கண்ட மரத்தையெல்லாம் வெட்டிச் சாய்த்தனர்; வெட்டியவற்றில் பெரும்பாலானவை வெள்ளைக் கட்டையாகவே கிடந்து அழுகின. தேவியும் இல்லை, அரசனும் இல்லை. வாயில் திறந்து கிடந்தது.

மூன்றாவது காவலாக வந்தது ஒரு காகிதம். அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையில், அஸ்ஸாமிலும் மலேயாவிலும் வளரும் அகில் வகை மட்டும், இந்தியாவின் வேண்டுகோளின்மேல் 1995 முதல் சேர்ந்திருந்தது. சீவிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இது இன்ன வகையென்று எந்தச் சுங்க அதிகாரியாற் சொல்லமுடியும்? அந்த ஓட்டையை அடைத்து, அக்விலாரியா இனம் முழுவதையும் அதன் உறவாகிய ஜைரினாப்ஸ் இனத்தையும் 2004-இல் பாங்காக்கில் கூடிய மாநாடு சேர்த்தது. வியத்நாமின் மரமோ இதற்குள் காட்டிலே அழிவின் விளிம்பை எட்டியிருந்தது.

ஆனால் மரம் முற்றும் அழிந்துபோகாமைக்கு மாநாடுகளைக் காட்டிலும் சில தோட்டக்காரர்களே காரணம் என்பது என் துணிபு. ஹா தின் மாகாணத்துப் பூக் சாக் என்ற ஊர் பம்பளிமாசுக்குப் பெயர்போனது. முன்னாள் குவாங் நாம் மாகாணத்துத் தியென் ஃபுவொக் மிளகுக்கும் பாக்குக்கும் பெயர்பெற்றது. இவ்விடங்களில், மலையேறித் திரும்பியவர்கள் காட்டுக் கன்றுகளைப் பிடுங்கிவந்து வீட்டுக் கொல்லையில் நட்டனர். தியென் ஃபுவொக் கொல்லைகளில் எறும்புகள் சில மரங்களைத் துளைத்துக் குடியேற, அத்துளைகளைச் சுற்றி அகில் விளைந்தது கண்டு, அதற்கு எறும்பு அகில் என்றே பெயரிட்டார்கள். எறும்பு செய்ததை மனிதன் செய்யலாகாதா என்ற கேள்வி அங்கேதான் எழுந்திருக்க வேண்டும். ஆணி அடித்தார்கள், காய்ச்சிய இரும்பால் துளையிட்டார்கள், வெல்லப்பாகு ஊற்றினார்கள், உளியாற் பட்டையைப் பெயர்த்தார்கள். மரம் சில வேளை அகில் தந்தது, சில வேளை புண்ணை மூடிக்கொண்டு பேசாமல் வளர்ந்துவிட்டது. தொண்ணூறுகளில் மினசோட்டா சர்வகலாசாலையின் மரநோய் ஆராய்ச்சியாளராகிய ராபர்ட் பிளான்செட் என்பவர், கம்போடிய எல்லையை ஒட்டிய ஆன் யாங் மாகாணத்து ஏழு மலைகள் முதலிய இடங்களில் வியத்நாமியரோடு கூடி இதை முறைப்படி ஆராய்ந்தார். துளையிட்டால் மட்டும் போதாது, புண் ஆறாமல் காற்றோட்டத்தோடு திறந்தே இருக்கவேண்டும் என்று கண்டு, துளைக்குள் சிறு பிளாஸ்டிக் குழாய்களைச் செருகி, மரத்தின் உயிரணுக்களை உறுத்தும் பொருள்களையும் சேர்க்கும் அந்த முறை, 2005-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. தேவி படைத்ததாகச் சாம் குடிகள் நம்பிய பொருளுக்கு அமெரிக்கக் காரியாலயம் ஒன்று உரிமைப் பத்திரம் வழங்கிய விந்தையை வேறு எந்த யுகத்திற் காணமுடியும்!

இன்று வியத்நாமின் பல மாகாணங்களில் அகில் தோட்டங்கள் உள்ளன. ஏழெட்டு ஆண்டு வளர்த்து, புண்படுத்தி, மேலும் ஓரிரண்டு ஆண்டுகளாவது பொறுத்து, பின் வெட்டிப் பிளந்து, வெள்ளைக் கட்டையை நுண்ணிய உளிகளாற் சீவிக் கரிய பகுதியைப் பிரித்தெடுப்பது தொழில். சீவுவதிலே கூர்ந்த கண்ணும் பொறுமையும் வேண்டும். வீட்டு வாசல்களில் அமர்ந்து நாள் முழுதும் சீவிக்கொண்டிருப்பர். கழிவு வத்திக்குத் தூளாகிறது. நடுத்தரமானது வாலையில் ஏறித் தைலமாகி அறபு நாடுகளுக்குப் போகிறது. விசித்திர வடிவமுள்ள கட்டை சீனத்தார் வரவேற்பறையில் காட்சிப்பொருளாகிறது. காட்டு மரத்தின் மேலிருந்த பாரத்தை இது ஓரளவு இறக்கிவைத்ததென்பதில் ஐயமில்லை.

எனினும் தோட்டக்காரனின் கஷ்டம் காவலோடு தீர்ந்ததாகச் சொல்வதற்கில்லை. கடனுக்கு நட்டவன் பத்தாண்டு பொறுப்பதெங்ஙனம்? பொறுக்கமுடியாமல் இளமரத்தை வெட்டினால் கிடைப்பது, மேலே கரிய பூச்சும் உள்ளே வெறுங்கட்டையும் ஆகிய நான்காந்தரம். அதைச் சாயமேற்றி, ஈயம் ஏற்றிக் கனப்படுத்திக் காட்டகில் என்று விற்கும் சாமர்த்தியசாலிகள் எந்தச் சந்தையிலும் உண்டு. அவர்களால் நேர்மையான தோட்டக்காரனின் சரக்கும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. ஏற்றுமதிக்கு, இது தோட்டத்தில் விளைந்ததே என்று நிரூபிக்கப் பத்திரங்கள் வேண்டும். கொல்லையில் பத்து மரம் வைத்திருக்கும் கிழவிக்குப் பத்திரம் எழுதத் தெரியாது. ஆகவே பத்திரமுள்ள தரகன் கேட்ட விலைக்கே அவள் கொடுக்கவேண்டியிருக்கிறது. போர்ரி பாதிரியார் கண்ட ஐந்து டுகாட், இருநூறு டுகாட் கணக்கு இன்னும் முற்றும் மாறிவிடவில்லை. கீ நாம் என்ற தலைதரமோ எந்தக் குழாய்க்கும் எந்த மருந்துக்கும் இதுவரை வசப்படவில்லை. அது வயது முதிர்ந்த காட்டு மரங்களுக்கே உரிய இரகசியமாக நிற்கிறது.

இத்தொழிலின் நாடி விதையில் இருக்கிறது. இம்மரத்தின் விதை கோடையில் முற்றி வெடித்து விழுந்த சில நாட்களுக்குள் மண்ணில் இறங்காவிட்டால் முளைக்கும் சக்தியை இழந்துவிடும். களஞ்சியத்திற் சேர்த்துவைத்து வேண்டும்போது விதைக்கலாகாது. ஆதலால் பூக் சாக்கைப் போன்ற ஊர்களில் கன்று விற்றுப் பிழைப்போர், முப்பது நாற்பது ஆண்டு வயதுடைய தாய்மரம் ஒன்றிரண்டை ஆணியும் உளியும் படாமல் காத்துவருகிறார்கள். அத்தாய்மரத்தைச் சுற்றிலும் உள்ள அதன் குழந்தைகளெல்லாம் துளையுண்டு, குழாயுண்டு நிற்க, அது மட்டும் ஆண்டுதோறும் காய்த்துக்கொண்டு நிற்கிறது. அத்தனை வயதில் எறும்போ இடியோ அதனுள்ளே என்ன செய்துவைத்திருக்கிறது, அந்தக் கட்டைக்குள் இருப்பது கீ நாமா வெள்ளை விறகா என்பது, வெட்டிப் பார்த்தாலொழிய ஒருவருக்கும் தெரியாது. விதை வேண்டியிருப்பதால் ஒருவரும் வெட்டிப் பார்ப்பதில்லை.